ஒரு குழம்புக்குக் காய்

நம்ம அடுக்குமாடி புளோக் தோட்டத்துக்கு வருகிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். உங்களுக்கு இருக்கிற முழங்கால் வலி எனக்கும் இருக்கிறது.

போன ஞாயிறு தோட்டக் குழுத் தம்பி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இணையத்தில் எடுத்தது. வசந்த காலத் தொடக்கத்தில் என்னென்ன நடலாம் என்று தலைப்பு. பட்டாணி, காரட், முட்டைக்கோஸ், லெட்டஸ். கடைசி உறைபனி விழுவதற்கு ஆறு வாரம் முன்னால் விதைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நம்ம மார்சிலிங் பேட்டையில் உறைபனி பார்க்க வேண்டுமென்றால் கோப்பிக்கடை ஐஸ் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சரி ஆன்ட்டி, நீங்களே சொல்லுங்க. மழை விட்டாச்சு. இப்ப என்ன போடலாம்?" என்று என்னைக் கேட்டார்.

கீரை, வெண்டை, பயத்தங்காய், பரங்கி என்றேன். முருங்கைக் கொம்பு இருந்தால் அதையும் ஊன்றலாம் என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னா நேரமாகும். எழுதித் தர்றேன்."

அதற்கும் சிரித்தீர்கள். நான் ஆறாவதோடு நின்றவள் என்று உங்களுக்குத் தெரியும். பரவாயில்லை. எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வீடு புக்கிட் மேராப் பக்கம். சாலையோரப் புல் வெட்டுகிறவர்களுக்குக் கொடுத்த லைன் வீடு. ஒரே கூரை, எட்டுக் கதவு. எங்களுடையது ஐந்தாவது. ஓர் அறை, ஓர் அடுப்படி. குழாய் எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வீடு இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு வயசு" என்பார்கள்.

பின்னால் லோங்காங் ஓடியது. பெரிய சாக்கடை. மழைக்காலத்தில் ஆறு மாதிரி போகும். லோங்காங்குக்கும் வீட்டுக்கும் நடுவில் வீட்டுக்கொரு துண்டு மண். எங்கள் துண்டு பன்னிரண்டு எட்டு நீளம், ஐந்து எட்டு அகலம். நானே நடந்து அளந்தது. அப்போது சின்னக் கால்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் நாலு என்று ஆறு பேர். குழம்புக்குக் காய் அந்த மண்ணில் இருந்துதான் வர வேண்டும். வந்தால் குழம்பு. வராவிட்டால் ரசம்.

அப்பா இருபது வயதில் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்து கப்பலில் வந்தவர். மண் தெரிந்த ஆள் என்று லைனில் பெயர். ஆடி பிறந்தால் மண்வெட்டியை எடுத்துவிடுவார். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் வைத்திருப்பார். சதுர டின். மூடியில் ரோஜாப்பூப் படம். ஒரு மூலை நசுங்கியிருக்கும். திறந்தால் வேப்பிலையும் சாம்பலும் கலந்த வாசனை வரும். உள்ளே விதைகள், துணியில் முடிச்சு முடிச்சாக. அவரை விதை மட்டும் சிவப்புத் துணியில்.

ஆடியில் அவரை போட வேண்டும். கார்த்திகையில் பூக்கும். மார்கழியில் காய்க்கும். பொங்கலன்று சொந்த மண்ணில் பறித்த அவரைக்காய் இலையில் விழும். இதுதான் அப்பாவின் கணக்கு. அவர் ஊரில் அப்படித்தான் நடந்தது.

இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். கார்த்திகையில் மழை பிடிக்கும். மார்கழி முழுக்கக் கொட்டும். பூ எல்லாம் உதிரும். பந்தல் சாயும். லோங்காங் பொங்கி மண்ணை வழித்துக்கொண்டு போகும். அப்பா எட்டு வருஷம் அவரை போட்டார். எட்டுப் பொங்கலுக்கும் அம்மா தேக்கா சந்தையில்தான் அவரைக்காய் வாங்கினார்.

அப்பா ஒரு வருஷம்கூட மழையைக் குறை சொன்னதில்லை. முதலில் மண் சரியில்லை என்றார். எங்கோ குதிரை லாயத்தில் இருந்து சாணம் சுமந்து வந்து கொட்டினார். லைன் முழுக்க ஒரு வாரம் குதிரை வாசனை. அப்புறம் கண்ணேறு என்றார். பந்தலில் பழைய செருப்பு தொங்கியது. அப்புறம் பக்கத்து வீட்டு மாமாவின் கோழி வேரைக் கிளறிவிட்டது என்றார்.

மாமா ஆறாவது வீடு. சொந்தம் கிடையாது. பழக்கத்தில் மாமா. அப்பாவோடு ஒரே கூட்டத்தில் புல் வெட்டுகிறவர். கோழி வம்பில் இரண்டு பேருக்கும் மூன்று வருஷம் பேச்சில்லை. காலையில் ஒரே லாரியில் ஏறுவார்கள். சாயங்காலம் ஒரே லாரியில் இறங்குவார்கள். வாயைத் திறக்க மாட்டார்கள்.

இப்போது நினைத்தால் அந்தக் கோழி பாவம்.

லைன் கோடியில் குப்பைமேடு இருந்தது. குப்பை கொட்டுவது என் வேலை. இடுப்பில் என் கடைக்குட்டித் தம்பி, கையில் குப்பைக்கூடை. அவன் கனம். போய்ச் சேர்ந்ததும் அவனை இறக்கிவிட்டு மூச்சு வாங்க நிற்பேன். நிற்கும்போது குப்பைமேட்டைத்தான் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை பார்க்க.

தீபாவளிக்கு வெட்டிய பூசணிக் குடலை அங்கே கொட்டுவேன். முளைக்கும். இரண்டு இலை விடும். மழையில் அழுகிப்போகும். பொங்கலுக்கு வெட்டிய பரங்கிக் குடலையும் அங்கேதான் கொட்டுவேன். அதுவும் முளைக்கும். ஆனால் நிற்காது. போய்க்கொண்டே இருக்கும். பங்குனியில் வேலிமேல் ஏறிப் பூத்துக் கிடக்கும். சித்திரையில் காய். யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர்கள் வீட்டுக் குழம்பில் அது விழும்.

மூன்று வருஷம் இதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

அந்த எட்டாவது வருஷம் மார்கழிக் கடைசியில் ஒரு மழை. நாலு நாள் விடவில்லை. வாசற்படி வரைக்கும் தண்ணீர் வந்தது. அவரைப் பந்தல் பூவோடு, கொம்போடு, தொங்கின செருப்போடு லோங்காங்கில் போனது. அப்பா ஒரு மூங்கிலை மட்டும் எட்டிப் பிடித்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "போதும்" என்றார்.

பொங்கல் முடிந்த மறுநாள் மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு.

"அந்த மண்ண நீயே எடுத்துக்க. கோழிக்கூண்டு போட்டுக்க."

"நெசமாவா சொல்றே?"

"சொன்னா சொன்னதுதான்."

அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ரசம் வைத்தார். மறுநாளும் ரசம். மூன்றாம் நாளும் ரசம்.

"என்னா இது, தெனம் ரசம்?" என்றார் அப்பா.

"மண்ணத்தான் அண்ணனுக்குக் குடுத்தாச்சே. ரசத்துக்குக் காய் வேணாம்."

அப்பா தட்டைப் பார்த்தார். நான் அப்போதுதான் சொன்னேன்.

"அப்பா, இப்ப வெதச்சா வரும்பா."

"எது?"

"பரங்கி. வெண்டை. எல்லாம். குப்பைமேட்டுல இப்பப் போட்டதுதான் நிக்குது."

அப்பா சிரித்தார். "தையில அறுப்பாங்கடி. வெதைக்க மாட்டாங்க. குப்பைமேட்டுல காளான்கூட வரும். திம்பியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து மாமா குரல் வந்தது. "புள்ள என்னமோ சொல்லுது, கேளேன்லா."

"நீ கம்முன்னு சாப்புடு."

மாமா கம்மென்று சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். பனியன், கைலி, மீசையில் ஒரு பருக்கை.

"கூண்டுக்கு வலை இன்னும் வரல. பங்குனி உத்திரம் வரைக்கும் மண்ணு புள்ளகிட்ட இருக்கட்டும். உத்திரத்தன்னைக்கு அந்த மண்ணுல இருந்து ஒரு கொழம்புக்குக் காய் வந்துச்சுன்னா, மண்ணு உங்களோடது. வரலைன்னா எங்கோழிக்கு."

"ரெண்டு காய் மெதந்தா அதுக்குப் பேரு கொழம்பா?" என்றார் அப்பா.

"நானும் வந்து ஒக்காந்து சாப்புடுவேன். ஏழு பேருக்குக் காணணும். போதுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "என் வெத டின்னத் தொடக் கூடாது."

"தொட மாட்டேன்பா."

இவ்வளவுதான் பேச்சு.

விதைக்கு நான் எங்கே போவேன்? குப்பைமேட்டைக் கிளறிப் பரங்கி விதை எடுத்தேன். கழுவி அடுப்புச் சாம்பலில் புரட்டினேன். லோங்காங் ஓரத்தில் தண்டங்கீரை பூத்து முற்றி நின்றது. அதை உருவிக் கைக்குள் தேய்த்து ஊதினேன். மை மாதிரிக் கறுப்பாக விதை. கடைசி வீட்டு அக்கா தன் கூரையில் முற்றிக் காய்ந்த வெண்டை இரண்டைச் செருகி வைத்திருந்தார். கேட்டேன். கொடுத்தார். அம்மா தேக்காவுக்குப் போனவர், காய்க்காரர் கழித்துப் போட்ட முற்றல் பயத்தங்காய் ஒரு பிடி கொண்டுவந்தார். என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தோட்டக் குழுத் தம்பி, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கீரை விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். வெண்டையை ஒரு பொழுது ஊறவைக்க வேண்டும். பரங்கியை ஓரத்தில் போட வேண்டும். நடுவில் போட்டால் எல்லாவற்றின் மேலும் படுத்துக்கொள்ளும். கீரை இருபத்தைந்து நாள். வெண்டை ஐம்பது. பயத்தங்காய் அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்குக் குத்துமதிப்புதான்.

அந்த வாரம் காற்று மாறியது. தைக் காற்று. கொடியில் சட்டை ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. மண் மேலே வெளுத்தும் உள்ளே ஈரமாயும் இருந்தது. கையை விட்டால் குளிர்ச்சி. ஐந்தாம் நாள் கீரை கீறிக்கொண்டு வந்தது, சிவப்பு நூல் மாதிரி. நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். என் குட்டித் தம்பி அதில் உட்காரப் பார்த்தான். பிடித்து இழுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் அப்போது பெரும்பொழுது பாடம். வாத்தியார் என்னை எழுப்பிக் கேட்டார்.

"இளவேனில் எந்த மாதம்?"

"மழை விட்டு வர்ற தை, ஐயா."

"யார் சொன்னது?"

"குப்பைமேடுதான், ஐயா."

வகுப்பே சிரித்தது. தலையில் ஒரு குட்டு வைத்தார். சித்திரை, வைகாசி என்று புத்தகத்தில் இருக்கிறது, பத்துத் தடவை எழுது என்றார். எழுதினேன். நல்ல மனிதர்தான். புத்தகம் வேறு ஊருக்கு எழுதியது. அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சீனப் பெருநாளன்று ஒரு மழை பெய்தது. அதோடு சரி. மூன்று வாரம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மாசி வெயில். கீரை ஒரு தடவை பறித்தாகிவிட்டது. ஆனால் கீரை குழம்புக்குக் காணாது. வெண்டை முழங்கால் உயரம் நின்றது. மண் பாளம் பாளமாக வெடித்தது.

குழாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்று மண்டோர் சொல்லிவிட்டார். மண்டோர் என்றால் வேலையாட்களுக்கு மேலாள். அவர் சொன்னால் லைனில் மறுபேச்சு கிடையாது. லோங்காங்கில் ஓடியது கறுப்புத் தண்ணீர். மேல்பக்கத்து மோட்டார் பட்டறை எண்ணெய் அதில் மிதக்கும். அதை ஊற்ற மனசு வரவில்லை.

எட்டு வீட்டிலும் சாயங்காலம் அரிசி கழுவுவார்கள். அந்தக் கழுநீர் சும்மா சாக்கடைக்குப் போனது. ஒரு தகர வாளி எடுத்தேன். கைப்பிடி அறுக்கும். பழைய துணி சுற்றினேன். முதல் கதவில் இருந்து தட்டிக்கொண்டே போனேன்.

"அத்தை, கழுநீர் இருக்கா?"

கடைசி வீட்டு அக்காவுக்கு வாய் நீளம். "என்னாடி, மாடு வாங்கிட்டீங்களா?"

"ஆமாக்கா."

"கறக்குதா?"

"இன்னும் இல்லக்கா."

"கறந்தா எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா."

எட்டு வீட்டுக்கும் ஒரு வாளி நிறையும். புளித்த வாசனை. சட்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தேன். அதில் மொண்டு பூமழை மாதிரித் தெளிப்பேன். அந்த டின் இப்போது கிடைத்தால் நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன். கடையில் விற்கிற பிளாஸ்டிக் பூவாளிக்கு அந்தப் பதம் வராது.

பத்து நாள் இப்படிப் போனது. வெண்டை பூத்தது. மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. பயத்தங்கொடி சுருண்டு ஏறியது.

பத்தாம் நாள் லாரியில் அப்பாவை யாரோ கேட்டிருக்கிறார்கள். "ஒன் மாடு எப்படி இருக்கு? வீடு வீடாப் போயி கழுநீர் கேக்குதாமே ஒம்பொண்ணு."

அப்பா இறங்கி நேராக வந்தார். நான் மூன்றாவது கதவில் வாளியோடு நின்றேன். வாளியைப் பிடுங்கினார். தூக்கிக் கூரைமேல் எறிந்தார். கழுநீர் அவர் தலையிலேயே வழிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"பிச்சக்காரியா நீ? எம்பொண்ணு வாசல் வாசலா நிக்குறா. இனிமே எந்தக் கதவையும் தட்டக் கூடாது."

வீட்டுக்குள் போய்விட்டேன். அழவில்லை. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

இரண்டு நாள் தண்ணீர் இல்லை. வெண்டை இலை குடை மாதிரிக் கவிழ்ந்தது. பூ ஒவ்வொன்றாகத் தரையில் கிடந்தது. மாமாவின் கோழிவலை வந்துவிட்டிருந்தது. சுருட்டிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். புது வலை, வெயிலில் மின்னியது. மாமா பின்வாசலில் நின்று செடியைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். உள்ளே போய்விடுவார். உத்திரத்துக்கு இரண்டு வாரம் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா பின்படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி வீட்டு அக்கா ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க வந்தே?" என்றார் அப்பா.

"மாட்டுக்குத் தண்ணி காட்ட."

"வேணாம். எடுத்துட்டுப் போ."

"அண்ணே, அவ வந்து கேட்டாத்தான் பிச்ச. நானாக் கொண்டாந்து ஊத்துனா அது என் இஷ்டம். எங்க வீட்டுக் கழுநீர எங்க ஊத்தணும்னு நீங்களா சொல்லுவீங்க?"

ஊற்றிவிட்டார். வெண்டைத் தூரில், பதமாக. அவருக்குப் பின்னால் ஏழாவது வீடு. அப்புறம் இரண்டாவது வீடு. அப்புறம் மூன்று, நாலு. ஒருவர் கையில் குண்டான், ஒருவர் கையில் அலுமினியப் போகிணி. கடைசியாக மாமாவின் சம்சாரம், எங்களுக்கு அத்தை, ஒரு வாளியே கொண்டுவந்தார்.

அப்பா அவரைப் பார்த்துச் சொன்னார். "இது வளந்தா ஒம்புருஷனுக்குத்தான் நட்டம்."

"அவருதான் குடுத்து அனுப்புனாரு" என்றார் அத்தை.

அப்பா பீடியைத் தரையில் தேய்த்தார். எழுந்தார். அந்த மழையில் எட்டிப் பிடித்த மூங்கில் சுவரில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக் கூரைமேல் கிடந்த வாளியைத் தள்ளினார். வாளி உருண்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தம் எட்டு வீட்டுக்கும் கேட்டது.

அதற்கப்புறம் நான் எந்தக் கதவையும் தட்டவில்லை. தட்ட வேண்டியிருக்கவில்லை.

பங்குனி உத்திரத்தன்று வெயில் ஏறுமுன் பறித்தேன். வெண்டைச் சுணை மணிக்கட்டில் அரித்தது. நாற்பத்திரண்டு வெண்டைக்காய். இரண்டு கை கொள்ளாத பயத்தங்காய். என் தலை அளவில் ஒரு பரங்கிப் பிஞ்சு. கொடியில் இன்னும் மூன்று கிடந்தன. அவற்றைத் தொடவில்லை. எல்லாவற்றையும் முறத்தில் வைத்து அம்மா முன்னால் வைத்தேன். அம்மா வெண்டை ஒன்றை எடுத்து நுனியை ஒடித்தார். பட்டென்று ஒடிந்தது. என் கன்னத்தை ஒரு தடவை தடவினார். கையெல்லாம் மஞ்சள்.

மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரைச் சட்டையில் பார்ப்பது தீபாவளிக்குத்தான். பாயில் உட்கார்ந்தார். அப்பா எதிரில். அம்மா புளிக்குழம்பை ஊற்றினார். மாமா கரண்டியை வாங்கிச் சட்டிக்குள் விட்டுத் துழாவினார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தோம்.

"மெதக்கல" என்றார். "முங்கிக் கெடக்கு."

சாப்பிட்டார். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். விரலைச் சப்பினார். ஏப்பம் விட்டார். அப்புறம் சொன்னார். "கோழிக்கு வேற எடம் பாக்குறேன்லா."

அப்பா தட்டை நீட்டினார். அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். எட்டு வருஷக் கணக்கை ஒரு வேளைச் சோற்றில் மாற்றுவது ஓர் ஆளுக்கு எவ்வளவு பாரம் என்று பதினொரு வயதில் யாருக்குத் தெரியும்? எனக்கே இப்போது யாராவது தப்பு என்று சொன்னால் நாலு நாள் தூக்கம் வராது.

மறுநாள் மாமா அந்தப் புது வலையை விரித்து எங்கள் பயத்தங்கொடிக்குக் கட்டிவிட்டார்.

அந்த ஆடியில் அப்பா மண்வெட்டியை எடுத்தார். மண்ணைப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார். டின்னும் அலமாரிமேலேயே இருந்தது. மார்கழியில் லோங்காங் பொங்கியது. எங்கள் மண்ணில் அடித்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு ஒன்பதாவது தடவையாக அம்மா தேக்காவில் அவரைக்காய் வாங்கினார்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் கடைசி வீட்டு அக்கா என் தகர வாளிக்குக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். "மாட்டுக்குத்தான்டி" என்றார். லைனே சிரித்தது. அன்றைக்கு அப்பாவும் சிரித்தார்.

அந்த லைன் வீடுகளை இடித்து வருஷக்கணக்கு ஆகிறது. எங்கள் மண் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். நாங்கள் அடுக்குமாடிக்கு மாறும்போது பிஸ்கட் டின் எங்கேயோ தவறிவிட்டது. அம்மா கடைசி வரைக்கும் தேடினார். நான் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடம் கூட்டினேன், ஆஸ்பத்திரி துடைத்தேன். போகிற இடத்தில் எல்லாம் ஒரு தொட்டியிலாவது ஏதாவது முளைத்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வயதில் என்ன ஒளிவு.

தம்பி, போன ஞாயிறு நீங்கள் கேட்டீர்களே, அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது நீங்கள் இல்லை.

அக்கா வாளிக்குப் பொட்டு வைத்த அந்த மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். சாயங்காலம். லாரி வந்து ஆட்கள் எல்லாம் பின்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர் படியில். நான் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே இருந்து வந்தார். கையில் டின். என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். டின்னை மண்ணில் வைத்து மூடியைத் திறந்தார். வேப்பிலையும் சாம்பலும் மணத்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இப்ப என்ன போடலாம்?"

"அவரை போடலாம்பா."

"பொங்கலுக்கு வருமா?"

"வராது. சித்திரைக்கு வரும்."

அப்பா சிவப்புத் துணியை எடுத்து முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார்.

"எத்தன வெரக்கட ஆழம்?" என்றார்.

மண் தெரிந்த ஆள் என்று லைனில் பெயர் எடுத்தவர். நான் இரண்டு விரலைக் காட்டினேன். அவர் தன் விரலைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். அவருடையது தடி. என் கையைப் பிடித்து, என் விரலை மண்ணில் வைத்து அழுத்தினார். அந்தக் குழியில் முதல் விதையைப் போட்டார்.